நாலு மணி நேரம்

விடியற்காலை மூன்றே முக்காலுக்கு
சோயா பொங்கி வரும்போது
பாண்டான் இலையை முடிச்சிட்டுப் போடுவேன்.
முதல் கரண்டி எனக்கு.
ருசி பார்க்காத சரக்கை நான் விற்றதில்லை.

அந்த முதல் கரண்டியோடுதான்
கழுத்து மாத்திரையையும் விழுங்கினேன்,
பதினாலு மாதம்.

ஐம்பது. எழுபத்தைந்து. நூறு.
மாத்திரை ஏறிக்கொண்டே போனது.
ரத்தச் சீட்டில் எண்ணும் கூடவே ஏறியது.
நாலுக்குள் அடங்கவேண்டியது
பதினெட்டு.

செம்பனை லோரிகள் பகாவ் தாரை
இளக்கிக்கொண்டு போகிற மத்தியானத்தில்
நான் மட்டும் ஸ்வெட்டரில் நின்றேன்.
கொடுத்த சில்லறையை மறுபடியும் கொடுத்தேன்.
சீப்பு நிறைய முடி.
புருவத்தின் வால் மட்டும்
யாரோ ரப்பரால் அழித்த மாதிரி.

கண்ணேறு என்றாள் நாத்தனார் விசாலி.
மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டு
நெடியே வரவில்லை பார் என்று
இருமிக்கொண்டே சொன்னாள்.
வயசு என்றார் மாசிலாமணி.
சோம்பல் என்று ஒருவரும் சொல்லவில்லை.
அதை நானே சொல்லிக்கொண்டேன்.

அரசாங்க கிளினிக்கின் மருந்து ஜன்னலுக்குப்
புதிதாக வந்திருந்தாள் ஃபாஸிலா.
நர்சுகளுக்கு என்று நான் கட்டிக் கொண்டுபோன
சோயா பைக்கட்டில் ஒன்று
அவள் மேசையில் ஒழுகியது.
துடைத்தபடி மலாயில் கேட்டாள்:
காக், மாத்திரை எதோடு?
இதோடுதான், என்றேன்,
என் கைச்சரக்கு என்ற பெருமையோடு.
அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

அட்டையின் பின்புறம் குடலை வரைந்தாள்.
ஒரு குழாய். அதில் ஒரு வாசல்.
வாசலில் என் மாத்திரையின் கையைப் பிடித்து
ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்கிறது சோயா.
எவ்வளவு உள்ளே போனதோ
யார் கண்டது?
குடிக்காதீங்க என்று சொல்லமாட்டேன், என்றாள்.
வெறும் தண்ணீரில் மாத்திரை.
நாலு மணி நேரம் தள்ளி மற்றது.

அன்றிரவு மகன் இனியவன்
கைபேசியில் தேடி வாசித்தான்.
சோயாச் செடி வேரில் ஒன்றைக் கசியவிடுமாம்,
மண்ணில் இருக்கும் கிருமியைக் கூப்பிட.
வா, என் வேரில் வீடு கட்டிக்கொள்,
காற்றில் இருக்கும் உரத்தைப் பிடித்துக் கொடு.
கிருமிக்கு எழுதிய கடிதம் அது.
அதே மை விதையிலும் ஊறியிருக்கும்.
பெண்ணுடம்பில் சுரப்பதற்கும் அதற்கும்
முகச்சாயல் ஒன்றாம்.
அதனால் கதவை லேசாகத் தட்டிப் பார்க்குமாம்.
சில சமயம் திறக்கும்,
சில சமயம் வருகிறவரை மறிக்கும்,
சில சமயம் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடும்.
படித்தவர்களுக்குள்ளேயே
இன்னும் சண்டை தீரவில்லை என்றான்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு அஞ்சலை இருந்தோம்.
கிராணி தூக்கக் கலக்கத்தில் கொடுத்த
மற்றவளின் கடிதத்தை ஒருமுறை பிரித்துவிட்டேன்.
'கோபமா' என்று தொடங்கியது.
எனக்கில்லை என்று தெரிந்தும்
அன்று முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டது.

உடம்பும் அப்படித்தான் போலிருக்கிறது.
சாப்பாடு என்றால் சாப்பாடு என்றிருந்தேன்.
இலையும் விதையும் வேரும்
யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும்போது
பாதிப் பேச்சில் பிடுங்கி
நாம் கொதிக்கவைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை பசார் மாலாமில்
பைக்கட்டை நீட்டுமுன் கேட்கிறேன்:
கழுத்து மாத்திரை போடுறீங்களா?
எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள்!
மணி பார்த்துக் குடிக்கிறார்கள்.
வியாபாரம் குறையவில்லை.

மூன்று மாதம் கழித்து எண் ஏழு.
இன்னும் இறங்கவேண்டும்.
புருவம் திரும்பவில்லை, ஸ்வெட்டர் மட்டும்
ஆணிக்குப் போய்விட்டது.

இப்போது மூன்றே முக்காலுக்கு
எனக்கு வெறும் தண்ணீர்.
முதல் கரண்டி மாசிலாமணிக்கு.
எதைக் கொடுத்தாலும் நல்லாயிருக்கு என்கிற மனுஷன்.

ஏழே முக்காலுக்குக் கடையில் நின்றபடி
என் பங்கைக் குடித்தேன்.
சீனி இரண்டு முறை விழுந்திருக்கிறது.
அதற்குள் பானையில் பாதி
விற்றுப் போயிருந்தது.