தாள்

மருந்து என்றுதான் சொல்கிறோம்.
காய்ச்சலுக்கும் அதே சொல்,
வெங்காயத்துக்கும் அதே சொல்.
போத்தலில் மட்டும் மண்டையோடு.

அச்சுவேலிக் கடையில் விமலகாந்தன்
புழுவைக் கொண்டுவந்தும் பார்க்கவில்லை.
"போன கிழமை தந்தது கேட்கேல்லையோ?
அப்ப ரெண்டையும் கலந்து அடியுங்கோ."
மஞ்சள் தாளில் கணக்கு எழுதினார்,
பழைய கணக்கின் அடியில், கோடு போடாமல்.

நான்கு பரப்பு.
என் தோடு அடைவில் இருந்து முளைத்த வெங்காயம்.
தாள் நுனிகள் வெளுத்து
பாத்திக்குப் பாத்தி மடிந்து கிடந்தன.

இவர் முதுகில் டாங்கி,
வாயில் என் பழைய சட்டைத் துண்டு.
காற்று வளம் பார்த்துத்தான் தொடங்கினார்.
காற்று இடையில் மனம் மாறியது.
அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.
புழுவுக்கு இறங்கியது.

மூன்றாம் நாள் ஸ்கூட்டியில் ஜெயறூபி வந்தா,
புதிதாய் வந்த விவசாயப் போதனாசிரியர்.
ஒரு தாளை ஒடித்து
வெயிலுக்கு நேரே பிடித்தா.
"இஞ்ச பாருங்கோ அக்கா."
பச்சைக் குழலுக்குள் ஒரு நிழல் நடந்தது.
உள்ளே இருந்து கதவைப் பூட்டிவிட்டு
எங்கள் மழையைக் கேட்டுக்கொண்டு
இருந்திருக்கிறது இவ்வளவு நாளும்.

முட்டையாய் இருக்கையிலேயே கிள்ள வேண்டுமாம்.
தப்பினது இருட்டில் வெளியே வருமாம்.
நெற்றியில் விளக்குக் கட்டினோம்,
கையில் சவர்க்காரத் தண்ணி ஊற்றிய பால்மா ரின்.
முதல் இரவு எண்ணினேன்.
இருநூற்றுப் பதினொன்றில் விட்டுவிட்டேன்,
புழு முடியவில்லை, இடுப்பு முடிந்தது.

பிறகும் கொஞ்சம் அடித்தோம்.
பொய் சொல்ல மாட்டேன்.
திருநெல்வேலிச் சந்தையில்
பிடியைத் தூக்கிப் பார்க்கிறவன்
மினுக்கத்துக்குத்தான் விலை சொல்வான்.
ஓட்டைக்கு அவனிடம் ஒரு சிரிப்பு இருக்கிறது.

கிணற்றடியில் மூன்று பாத்தி வேறு.
அந்தப் பக்கம் டாங்கி போகாது.
ஏன் என்று யாரும் கேட்பதில்லை.
ஊரில் எந்தத் தோட்டத்துக்குள் போனாலும்
அப்படி மூன்று பாத்தி இருக்கும்,
கொஞ்சம் மறைவாக.

இன்று வறைக்குத் தாள் அரிந்தேன்.
கத்திக்கு முன்னால் ஒன்று நெளிந்து வந்தது,
கொழுத்து, கண்ணாடிப் பச்சையில், நல்ல சுகமாக.
எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.
அதற்குப் பிறகு நசுக்கினேன்.

அது தின்ற நுனியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு
மிச்சத்தைப் பிள்ளையின் பங்கில் போட்டேன்.