பத்துத் தலை

படிவத்தில் மூன்றாவது கட்டம்: நகரம்.
வேலந்தாவளம் என்று அடித்தேன்.
அப்படியொரு நகரம் இல்லை என்றது.
கோயம்புத்தூர் என்றால் ஒத்துக்கொள்கிறது,
பாலக்காடு என்றாலும்.
நடுவில், தக்காளி லாரிகள் வரிசை நிற்கிற இடத்தில்
உலகத் தும்பி தினம் கொண்டாட
கட்டம் இல்லை.

லிஸ்பனிலிருந்து இனேஸ் எழுதுவாள்,
எப்போதும் ராத்திரி பதினொன்றேகாலுக்கு:
அன்புள்ள ரமீஜா,
பத்துத் தலை வேண்டும், ஒரே படத்தில்.
குறைந்தால் அதன் பெயர் சந்திப்பு.
பத்தானால்தான் விழா.

தும்பியில் முகம் கிடையாது.
நாளைக்கு ஒரு சத்தம், பதினைந்து நொடி.
நான் எடைமேடையில் சீட்டு எழுதுகிறவள்.
லாரி ஏறும்போது இரும்புத்தட்டு முனகுவதை
அறுநூறு நாளாகப் போட்டு வருகிறேன்.
சிலியில் ஒரு பல் டாக்டர்
அதைக் கேட்டபடிதான் சாப்பிடுகிறாராம்.

சுற்றுவட்டாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்றது வரைபடம்.
எல்லோருக்கும் எழுதினேன்,
தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று.
இரண்டாவதில் எட்டுப் பிழை என்றான்
செல்போன் கடை சுதீந்திரன்.
எட்டையும் திருத்தி ஒன்பதாவதாக
அவன் கடைப் பெயரைச் சேர்த்துவிட்டான்.

மஞ்சள் பலூன், ஒட்டுப்படம், துணிப் பதாகை
எல்லாம் பெட்டியில் அனுப்பினார்கள்.
பெட்டி பொள்ளாச்சி போனது.
பிறகு சித்தூர் போனது.
எந்தச் சித்தூர் என்று யாருக்கோ சந்தேகம் வந்து
ஆந்திரத்துச் சித்தூருக்கும் போய்
பதினொரு நாள் இருந்துவிட்டு வந்தது.
பாதி பலூன் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை
நாங்கள் மதியச் சோற்றுக்கு உட்காருமுன்பே
நியூசிலாந்து முடித்துவிட்டது.
ஒசாகாவில் நானூறு பேர்.
டாக்காவில் மழை, இருந்தும் எழுபது.
ஆறு மணி எங்களை நோக்கி
ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது.
இங்கே காய்கறிச் சந்தைக்குப் பின்னால்
நான், சுதீந்திரன், அவன் கடைப்பையன்.

ஐந்து ஐம்பதுக்கு எட்டு.
'ரெண்டாம்ஷிப்ட்' நீங்களா?
மில் சத்தம் போடுகிறவளுக்கு ஐம்பது வயது,
இருபது என்றே நினைத்திருந்தேன்.
'ஈரமிளகாய்' இடுப்பில் குழந்தையோடு வந்தாள்.
குழந்தை ஒரு தலையா?
இனேஸைக் கேட்க நேரமில்லை, எண்ணிக்கொண்டேன்.

அப்புறம் 'மூணுதட்டு' வந்தார்.
டொக், டொக்.
ஓர் இடைவெளி.
டொக்.
இரண்டு வருடம் அதைப் போட்டுத்தான் தூங்கினேன்.
யாரோ கதவு தட்டுகிறார்,
திறக்கத் தயங்குகிறார்கள் என்று
தினமும் ஒரு கதை வைத்திருந்தேன்.

வந்தவர் செக்போஸ்ட் மணிலால்.
போன மாசம் அண்ணன் வண்டிக்கு
நாலாயிரம் எழுதின கை.
அவரும் என்னைப் பார்த்தார்.
"எடை கொறச்சு எழுதுற ரமீஜா!
அந்த மொனகல் உங்களோடதா?"
காது வரை சிவந்தது யாருக்கு என்று
படம் பார்த்தாலும் தெரியாது.

ஒன்பது.
வரிசையில் நின்ற திண்டுக்கல் டிரைவரைக் கூப்பிட்டேன்.
"எந்தக் கட்சிம்மா?" என்றபடி
பலூனை வாங்கிக்கொண்டார்.

ஆறு.
வணக்கம் சொல்வதென்று ஒத்திகை பார்த்திருந்தோம்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
குழந்தையின் விக்கல்,
டிரைவர் செருமியது,
தூரத்தில் தடைக்கம்பு விழுந்தது,
எங்கள் பதினைந்து நொடி அவ்வளவுதான்.
உலக உருண்டையில் எங்கள் புள்ளி
வாளையார் அணைக்குள் விழுந்தது.

ராத்திரி பதினொன்றேகால்.
அன்புள்ள ரமீஜா, அழகான சத்தம்.
ஆனால் பத்தாவது தலை அசைந்திருக்கிறது,
முகமே தெரியவில்லை.
(வரிசை நகர்ந்துவிட்டது, இனேஸ்.
எப்படிப் புரியவைப்பேன்?)
ஆகவே, சந்திப்பு.

திங்கள்கிழமை
மறுபடி அண்ணன் வண்டி. ஆயிரத்தைந்நூறு.
கட்டப் போனேன்.
மணிலால் தலை நிமிரவில்லை,
அவர் மேசைக்காலில் மஞ்சள் தும்பி ஒட்டியிருந்தது.
ரசீதை இழுத்து வைத்தார்.
டொக், டொக்.

மூன்றாவதற்கு
நின்றேன்.