நீலக்கோடு

துடைப்பக் கம்பில் இரண்டு கோடுகள்.
மேலே சிவப்பு: மாடு உள்ளே வரலாம்.
கீழே, என் முழங்காலுக்கு நேராக, நீலம்:
போதும், வெளியே.

டோகன்டின்ஸில் மழை ஓய இன்னும் மூன்று வாரம்.
ஏழாம் அடைப்பில் மொம்பாசாப் புல்
முந்தாநாளே நீலத்தைத் தொட்டுவிட்டது.
நான் பால்மாஸ் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.
வால்டிரேனிக்கு இரட்டை, ஏழாம் மாதத்திலேயே.
கதவைத் திறக்க ஆளில்லை.
எழுபது நெல்லூர் மாடுகள்.
நாக்குக்குக் கோடு தெரியுமா?

இன்று அளக்கக் கம்பு தேவைப்படவில்லை,
கணுக்கால் போதும்.
இலையே இல்லை. வெளுத்த தண்டு,
சவரத்தில் கீறிய தாடை மாதிரி.

முதலாளியம்மா இவொனெட்டி போனில்:
எத்தனை நாள் ஓய்வு வேணும்?
இருபத்தெட்டுதான் கணக்கு.
நாற்பது, என்றேன்.
திட்டவில்லை.
எதையோ கூட்டிக் கழிக்கிற மௌனம்.
பிறகு, பிள்ளைகள் என்ன எடை?
ஒன்று ஒன்றரைக் கிலோ. மற்றது அதுகூட இல்லை.

பதினைந்து மாட்டை விற்றுவிடலாம், ஜுராந்திர்.
எப்படியும் கோடைக்கு இது அதிகம்.
நீ கிளம்பு.

எட்டாம் கதவைத் திறந்துவிட்டேன்.
முட்டி மோதி நுழைகின்றன,
மார்பளவுப் பச்சைக்குள்.

கம்பை வேலியில் சாய்த்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
அங்கே அளக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள்,
கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில்,
கிராம் கிராமாக.