ஆறு திரை கேட்டவள்

சாந்தா இஃபிஜீனியா தெரு, மழை விட்ட புதன்கிழமை.
ஷட்டரைப் பாதி தூக்கும்போதே
குனிந்து உள்ளே வந்தாள் ஜுசாரா.
இருபத்தோரு வருடம்
பேருந்தின் சுழல்கதவருகே சில்லறை எண்ணியவள்.
அட்டை தட்டும் எந்திரம் எழுப்பிவிட்ட இருக்கையிலிருந்து
நேரே என் கடைக்கு.
கைப்பையில் வேலை போனதற்குக் கொடுத்த பணம்,
மடித்த தாளில் ஒரு பட்டியல்:

ஆறு திரை.
விளையாட்டுப் பையன்கள் வாங்கும் பெரிய கிராபிக்ஸ் கார்டு.
பெட்டிக்குள் நீல விளக்கு.

சிவப்புக் கட்டை, பச்சைக் கட்டை
நாலு கோடு இழுக்க இந்தக் கார்டு எதற்கு என்றேன்.
சார்ட் மென்பொருள் பெரும்பாலும்
ஒரே கோரை நம்பி நிற்கும்.
பதினைந்து பேர் கைகட்டிப் பார்க்க
ஒருவன் மட்டும் மண் வெட்டுவான்.
அந்த ஒருவன் சுறுசுறுப்பானவனா, அதைப் பார்.
ரேம் முப்பத்திரண்டு போடு,
பிரௌசர் தின்றது போக மிச்சம் வேண்டுமே.
வைஃபையை நம்பாதே, சுவரோரம் கேபிள் இழு.
ஜனவரி இடிமழைக்கு ஒரு யுபிஎஸ்.
விற்கிற பொத்தானை அழுத்தப் பத்து நிமிடம் போதும்.

"திரை?"
"இரண்டு."
"வீடியோவில் வரும் பையனுக்கு ஆறு இருக்கிறது."
"அவன் பாடம் விற்கிறான்.
பாடம் விற்க ஆறு வேண்டும்."

சிரிக்கவில்லை.
பழைய திரைகள் அடுக்கிய மூலைக்குப் போனாள்,
ஒன்றைத் தானே செருகி எரியவிட்டாள்.
சாம்பல் வெளிச்சம்.
இடதுபக்கக் கீழ்மூலையில்
அழியாமல் பதிந்த ஒரு கட்டம்.
மாதக்கணக்கில் நகராமல் நின்ற ஏதோ கணக்கின் நிழல்.

மார்ச்சில் ஒசாஸ்கு பல் மருத்துவருக்கு விற்றேன்,
ஆகஸ்டில் திரும்பி வந்தது.
அதற்கு முன் குவாருல்யோஸில் ஒரு ஜோடி.
இந்தத் திருகுகளை எனக்கு மனப்பாடம்.
எதையும் சொல்லவில்லை.

தேய்ந்த காசில் வருடம் படித்துப் பழகிய கண்.
கிட்டப் போனாள்.
"முன்னால் இருப்பது கழித்தல் குறி."

ஃபேன் சத்தம் மட்டும்.

"இதற்கு எவ்வளவு குறைப்பாய்?"

நாற்பது ரெயால் குறைத்தேன்.
அறுபதில் நின்று அறுபதே வாங்கினாள்.
புதிது ஒன்று, அது ஒன்று.
உத்தரவாதம் தொண்ணூறு நாள் என்றேன்.
"திரைக்குத்தானே?" என்றாள்.

நீல விளக்கைச் சும்மா பொருத்திக் கொடுத்தேன்.

எதிரே நிறுத்தத்தில் பேருந்து வந்தது.
பெட்டி சுழல்கதவுக்குள் நுழையாது,
அவளைவிட யாருக்குத் தெரியும்.
முன்வாசலைத் திரும்பியும் பாராமல்
பின்கதவைப் போய்
உள்ளங்கையால் இரண்டு தட்டு.

திறந்தது.