கொக்கிகள்

காலை பத்தேகால் பேருந்தில்
ஓட்டுநர் கண்ணாடி வழியே பிள்ளைகளைப் பார்ப்பார்.
"இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?"
என் கை தானாகப் பையைத் தொடும்.
உள்ளே கல்வி அலுவலகத்தின் கடிதம்,
மடிப்புகளில் நைந்து நான்காகப் பிரியக் காத்திருக்கிறது.
வீட்டில் கற்பிப்பீர்கள் எனத் தெரிந்துகொண்டோம்,
ஆண்டு முடிவில் தேர்வுக்கு வர வேண்டும்,
முத்திரை, கையொப்பம்.
மடியில் கனமில்லை.
வழியில் பயம் மட்டும் இருக்கிறது.

நோதார் சுரங்கப்பாதைப் பொறியாளர்.
மலை எங்கே துளைபடுகிறதோ
அங்கே எங்கள் முகவரி.
திபிலீசியில் கட்டிய பெட்டிகளில் ஒன்று
பெர்கன் போய், இஸ்மீர் போய்,
இந்த ஸ்டையர் ஊரிலும்
பிரிக்காமலே கிடக்கிறது.
மூன்றாவது பள்ளியில் சாந்த்ரோ
பேசுவதை நிறுத்தினான்.
நான்கு மாதம்.
சண்டையில்லை, அழுகையில்லை,
கடையைச் சாத்துவதுபோல வாயைச் சாத்திவிட்டான்.
எங்களுக்கு வந்த படிவத்தில்
காரணம் எழுத இடமே இல்லை.
அதற்காகவே அந்தத் தாளை முத்தமிடத் தோன்றியது.

ஆக, சமையலறை மேசை.
ஒரு முனையில் பின்னங்கள், மறுமுனையில் வெங்காயம்.
ஜெர்மன் பாடத்தில் நான் பிள்ளைகளுக்கு
ஒரு பக்கம் முன்னால்,
சில வாரங்களில் இரண்டு பக்கம் பின்னால்.
மேசை ஆண்பால், கதவு பெண்பால்,
சிறுமி மட்டும் இரண்டும் இல்லையாம்.
இதற்கு ஒரு மணி நேரம் கோபித்துக்கொண்டாள் தெக்லே.

எங்கள்மேல் புகார் கொடுத்தது
கீழ்வீட்டு ஹாஸ்லிங்கர் அம்மாள்.
கொடுத்ததை அவரே படியேறி வந்து சொன்னார்,
கையில் ஆப்பிள் கேக்குடன்.
"விசாரித்தேன். சட்டப்படிதானாம்."
கேக் நன்றாகத்தான் இருந்தது.

ஜூனில் தேர்வு.
முழங்கால் முகவாயைத் தொடும் குட்டி பெஞ்சில்
நான் வெளியே உட்கார்ந்திருந்தேன்.
கதவுக் கண்ணாடி வழியே தெரிந்தது:
சாந்த்ரோ வாசிக்கிறான், உதடு மட்டும் அசைகிறது.
வீசிங்கர் என்கிற அந்த ஆசிரியை
உரக்கப் படி என்று சொல்லவில்லை.
தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.
அந்த நாற்காலிக்கு என்னிடம்
எந்த மொழியிலும் நன்றி இல்லை.

இருவரும் தேறினார்கள்.
சான்றிதழை உறையில் போட்டு நிமிர்ந்தால்
தெக்லேயைக் காணோம்.
நடைவழிச் சுவர் நெடுக மரக் கொக்கிகள்,
ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர்.
லியோனி, யூசுஃப், மாக்டலேனா, ஃபாபியான்.
யாரோ மறந்துபோன மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று.
பெயர் பெயராக விரல் வைத்து
வரிசையின் கடைசிவரை நடந்திருக்கிறாள்.

பேருந்தில் கேட்டாள்:
"நான் தேறிவிட்டேன்தானே?"
"ஆமாம்."
"அப்படியென்றால் எனக்கு ஒரு கொக்கி தருவார்களா?"

தேறியதால்தான் போக வேண்டியதில்லை என்று விளக்கினேன்.
தப்பாகப் போட்ட கணக்கைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை நோதார்
வாசல் பக்கச் சுவரில் ஒரு கொக்கி அடித்தார்.
மலையைத் துளைக்கிறவர் என்பதால்
துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
மேலே இரண்டு எழுத்துமுறையிலும் அவள் பெயர்.
கோட்டை மாட்டினாள். பின்னால் நகர்ந்து பார்த்தாள்.
"பக்கத்தில் வேற யார் கோட்டும் இல்லையே, அப்பா."

பிள்ளைக்கு ஒன்றாக
இந்த ஆண்டுக்கு இரண்டு படிவங்கள்.
சாந்த்ரோவுடையதைத் தேநீர் ஆறுவதற்குள் நிரப்பிவிட்டேன்.
மற்றது உப்பு ஜாடிக்கு அடியில்,
பெயர், பிறந்த தேதியோடு நிற்கிறது.

சுரங்கம் மார்ச் முடிய முடிந்துவிடும்.
பிறகு எந்த மலையோ.
செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று
விரல்விட்டு முணுமுணுக்கிறேன்,
ஒரு கொக்கிக்கு எத்தனை மாதம்?

அடுத்த அறையிலிருந்து,
நான் அவனைக் கேட்கவே இல்லை,
சாந்த்ரோ உரக்கச் சொல்கிறான்:
ஏழு.