ஏழு நிமிடம்

லியெபாயாவில் டிராமுக்கு ஒரே ஒரு பாதைதான்.
வடக்கு முனையில் ஏழு நிமிடம் நிற்கும்,
தெற்கு முனையில் ஏழு நிமிடம்.
இருபத்தெட்டு வருடமாக
அந்த ஏழுகளில்தான் படித்தேன்.

ஏழு நிமிடத்துக்கு ஐந்து பக்கம்.
மழை என்றால் நான்கு.
கண்ணாடியில் நீர் வழியும்போது
எழுத்தும் கொஞ்சம் வழியும்.

ஒரு கொலைகாரன் தெற்கு முனையில் கத்தியை ஓங்கினான்,
வடக்கு முனையில்தான் இறக்கினான்.
இடையில் ஒவ்வொரு நிறுத்தமாகக்
கதவு திறந்து கதவு மூடி,
புகையூட்டிய மீனோடு ஏறிய கிழவர்களையும்
ஸ்கேட்டிங் காலணி தோளில் தொங்கும் பிள்ளைகளையும்
கொண்டுபோய் விட்டேன்.
அத்தனை நேரமும் அவன் கை மேலேயே இருந்தது.
யாரைக் குத்தினான்?
கேட்காதீர்கள்.

போன மாதம் நூலகத்தில் எவியா ஒரு தாளை நீட்டினாள்.
"இந்தக் கிளையில் அதிகம் படித்தவர் நீங்கள்தான்.
ஆயிரத்து நூற்று ஆறு. பிடித்த மூன்றை எழுதுங்கள்,
சுவரில் ஒட்டப்போகிறோம்."
என் பெயருக்கு நேரே பட்டியலை உருட்டிக் காட்டினாள்.
தலைப்புகள் இறங்கிக்கொண்டே இருந்தன,
இழவு வீட்டில் வரிசையாக வந்து
கை குலுக்கிப் போகிறவர்கள் போல.
எல்லோரையும் எங்கோ பார்த்திருக்கிறேன்.
யார், எந்த வழியில் உறவு,
அது மட்டும் பிடிபடவில்லை.

ஒன்றில் ஒரு குதிரை பனியில் நின்றுவிடுகிறது.
ஒன்றில் ஒரு பச்சைக் கோட்டு, மேல் பொத்தான் இல்லாமல்.
ஒன்றில் யாரோ ஆரஞ்சு உரிக்கிறார்கள்.
அழுதேன் என்பது நினைவிருக்கிறது,
ஆரஞ்சுக்காகத்தானா என்பது இல்லை.

பணிமனையில் குன்டார்ஸ் சொன்னான்:
"தின்றதெல்லாம் நினைவிருக்கிறதா உனக்கு?
ஆனாலும் உடம்பில் ஒட்டித்தானே இருக்கிறது."
தன் தொப்பையைத் தட்டிக் காட்டினான்.
தொப்பை நிஜம். மற்றதைப் பற்றி
எனக்குத் தெரியாது.

மணிதான் காரணம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.
ஏழாவது நிமிடம் அடிக்கும், நான் மூடுவேன்,
ஒரு குடும்பத்தையே நட்டாற்றில் விட்டுவிட்டு
பிரேக்கை விடுவிப்பேன்.
அப்படி விட்டவர்கள் எப்படித் தங்குவார்கள்?
ஆனால் வெல்தா இரவெல்லாம் விளக்கணைக்காமல்
ஒரே மூச்சில் படித்து முடிக்கிறவள்.
அவளுக்கும்தான் நினைவில்லை.
போன வருடம் ஒரு நாவலில் பாதி தாண்டிய பிறகு
"இதைப் படித்திருக்கிறேன்" என்றாள்.
முடிவைச் சொல் என்றேன்.
"பேசாமல் இரு" என்று பக்கத்தைப் புரட்டினாள்.

ஒன்று மட்டும் இருக்கிறது.
பாலத்து நிறுத்தத்தில் யாராவது ஓடிவந்தால்
நான் காத்திருப்பேன். அரை நிமிடம்.
அதற்காக இரண்டு முறை விளக்கக் கடிதம் கேட்டார்கள்.
ஏதோ ஒரு புத்தகத்தில் ஒருத்தி ஓடி வந்தாள்,
வண்டி போய்விட்டது,
அதற்கப்புறம் முந்நூறு பக்கம்.
அந்த முந்நூறில் என்ன நடந்தது, தெரியாது.
நல்லது எதுவும் நடக்கவில்லை என்பது
என் வலது காலுக்குத் தெரியும்.
கண்ணாடியில் ஓடும் உருவம் தெரிந்தால்
அது தானாக மிதியை விட்டு எழுந்துவிடுகிறது.

இதை வெல்தாவிடம் சொன்னேன்.
வெங்காயம் நறுக்கியபடியே சிரித்தாள்.
"புத்தகமாவது! கல்யாணத்துக்கு முன்பே நீ அப்படித்தான்.
மேல் பொத்தான் அறுந்த கோட்டோடு
அந்தக் காற்றில் நான் ஓடி வந்தேனே,
கதவைத் திறந்து வைத்திருந்தாயே."

எனக்கு அது நினைவில்லை.
சொல்லவில்லை.
கோட்டு என்ன நிறம் என்றும்
கேட்கவில்லை.

எவியாவின் தாள் மடித்தபடி
சட்டைப்பையிலேயே இருக்கிறது, மூன்று கோடும் காலியாக.
இன்று வடக்கு முனை. பக்கம் நாற்பத்தொன்று.
தனியாக வாழும் ஒருவர் உருளைக்கிழங்கு வேகவைக்கிறார்.
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழப்போகும்போது

மணி.

வேகட்டும்,
தெற்கு முனை வரைக்கும்.