கடனுக்குப் பிந்தைய ஆய்வு

'டிக்கி பார்' என்று விண்ணப்பத்தில் பார்த்ததும்
கார் டிக்கியில் வைத்து விற்பவர்களா என்றார் மேலாளர்.
இல்லை சார், பசிபிக் பக்கம்
ஏதோ தீவுகளின் சாமியாம் என்றேன்.
சாமிக்குக் கொடுத்தால் வசூலாகுமா என்றார்.

கொடுத்தோம்.
பதினெட்டு லட்சம், அறுபது தவணை.

செக்காலை ரோடு. லாட்ஜின் இரண்டாம் மாடி.
லிஃப்ட் இல்லை.
பாதிப் படியிலேயே அலைச்சத்தம் கேட்கிறது.
காரைக்குடியில், மே மாதத்தில்,
செருப்புக்குள் கால் வேகும்போது.

விலைப்பட்டியலில் இருந்ததெல்லாம் இருக்கிறது.
ஃபைபர் தென்னை ஆறு
(பில்லில் ஆறும் காய்த்தவை, இங்கே நான்குதான்).
மூங்கில் தட்டி நூற்றிருபது சதுர அடி.
முகமூடி, பெரியது, நான்கு.
பீங்கான் குவளை, சாமி முகம் போட்டது, நாற்பத்தெட்டு.
நான் எண்ணியது நாற்பத்தொன்று.
"குடிச்சவங்க சாமியைக் கீழே போட்டுடறாங்க"
என்றார் உரிமையாளர் வயிரவன்.

ஒரு முகமூடியின் நெற்றியில் விபூதி.
பூசியது யாரென்று நான் கேட்கவில்லை.
பிதுங்கிய கண்ணும் துருத்திய நாக்குமாக
இந்த ஊர் எல்லையில் நின்றிருந்தாலும்
எங்கிருந்து வந்தாய் என்று யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.
எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆய்வு முடிந்தது, கையெழுத்துப் போட்டாயிற்று.
மணி ஆறேகால், சனிக்கிழமை.
அறையில் எனக்காக அரைப் பாக்கெட் தோசை மாவு இருக்கிறது.

உட்காரலாமா என்றேன்.

எட்டு மேசையிலும் பேச்சு நின்றது.
அலை மட்டும் நிற்கவில்லை, அது பென் டிரைவில் ஓடுகிறது.
"ஃபேமிலி ரூம் இருக்கு மேடம்."
ஃபேமிலி இல்லையே சார்.

கலக்கிக் கொடுப்பவன் இன்னாசி, பாம்பன்காரன்.
ரம், அன்னாசிச் சாறு, கொஞ்சம் நன்னாரி,
மேலே ஒரு காகிதக் குடை.
நிஜத் தீவை விட்டு இங்கே வந்தாயா என்றதற்கு
அங்க தென்னை நிஜம், இங்க சம்பளம் நிஜம் என்றான்.
பிறகு ஸ்பீக்கரைப் பார்த்து முகம் சுளித்தான்.

"இது நம்ம கடல் இல்ல மேடம்.
எங்களுக்குத் தெக்க ஆண்கடல்,
எந்நேரமும் இரைஞ்சுக்கிட்டே கெடக்கும்.
வடக்க பெண்கடல். கொளம் மாதிரி.
ஆனா வலை போடறவனக் கேளுங்க,
எது கோவிச்சா கரை தாங்காதுன்னு."

குவளையில் ஒரு வசதி உண்டு.
உள்ளே இருப்பது ரம்மா ரோஸ்மில்க்கா
எதிரே இருப்பவருக்குத் தெரியாது.
முகமூடிகள்தான் பல்லைக் காட்டுகின்றன,
குவளைச் சாமி வாயை இறுக்கி மூடியிருக்கிறது.

மூலை மேசையில் எங்கள் கிளையின் வாடிக்கையாளர்,
மாவு மில் கடன், ஒன்பது மாத நிலுவை.
என்னைப் பார்த்ததும் குவளையை மடியில் மறைத்தார்.
நானும் என்னுடையதை
கோப்புக்குப் பின்னால் நகர்த்தினேன்.

கரண்ட் போனது.

தென்னை போனது, சாமிகள் போயின,
கடல் சட்டென்று வற்றியது.
ஜெனரேட்டர் முக்கி முனகி வருவதற்குள்
எவ்வளவு நேரம் இருந்திருக்கும், பதினைந்து விநாடி?
அத்தனை பேர் மூச்சுவிடும் சத்தம்
ஒரு பெரிய தண்ணீர் அசையாமல் கிடப்பதுபோல் இருந்தது.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
ஒரு வாய் பெரிதாகவே குடித்தேன்.

இருட்டிலிருந்து ஒரு குரல்:
"செப்டம்பருக்குள்ள கட்டிடறேன் மேடம்."

நான் இங்கே இல்லை என்றேன்.
நீங்களும் இல்லை.

யாரோ சிரித்தார்கள். விளக்கு வந்தது.
வந்ததும் வராததுமாக அலையும் ஆரம்பித்தது,
விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து.

திங்கட்கிழமை அறிக்கையில் ஒரு திருத்தம்:
குவளை, இருப்பு, நாற்பது.
ஒன்று என் குளியலறை ஜன்னலில்
பல்துலக்கும் பிரஷ்ஷைத் தாங்கி நிற்கிறது.
நானூற்றைம்பது ரூபாய்.
ரசீது இருக்கிறது.